சொன்னதும் எழுதப்பட்டதும்: பார்வையற்ற மாணவியின் பிளஸ் டூ இறுதியாண்டு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் ஆய்வாளரும் ஆய்வுக்கு உள்ளானவரும் ஒருவரே. 2023 ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் 2024 மே 6 அன்று முடிவுகள் வெளியானது வரையிலான என் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டை இங்கே பதிவு செய்கிறேன். அந்த ஆண்டில் எழுதி வைத்த பிரெயில் குறிப்பேடுகள், கைபேசியில் பதிந்த குரல் குறிப்புகள், தேர்வுக்குப் பின் விண்ணப்பித்துப் பெற்ற விடைத்தாள் நகல்கள் ஆகியவையே இதற்கு ஆதாரம். பள்ளி, தேர்வு மையம், ஆசிரியர்கள், உடன் படித்தவர்கள் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் எனக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள். குறை நேர்ந்த இடங்களிலும் அது அவர்களுடைய கெட்ட எண்ணத்தால் நேர்ந்ததில்லை.

பார்வையற்ற மாணவர்களின் பொதுத்தேர்வு பற்றிய பேச்சு எழுந்தால், சொல்வதை எழுதுபவர் நியமனம், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய மூன்றைப் பற்றியே பேசுகிறார்கள். இவற்றைச் சலுகைகள் என்று அழைப்பதும் வழக்கமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 17ஆம் பிரிவு இம்மூன்றையும் கல்வி நிர்வாகம் செய்தாக வேண்டிய ஏற்பாடுகளாகவே வைத்திருக்கிறது. ஆகவே சலுகை என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. என் ஆண்டிலும் இந்த ஏற்பாடுகள் எனக்குக் கிடைத்தன. ஆயினும் ஒரு விடையைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு திறன், அந்த விடையை இன்னொருவருடைய கை பிழையின்றி எழுதும்படி சொல்வது முற்றிலும் வேறொரு திறன். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் முதலாவதை எனக்கு எல்லோரும் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டாவதை ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை. இறுதித் தேர்வு அளந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டாவது திறனையே என்பதுதான் இந்த ஆய்வில் நான் நிறுவ விரும்புவது.

பின்னணி

நான் குறைமாதத்தில் பிறந்தவள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயால் இரு கண்களிலும் பார்வை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை விடுதியுடன் கூடிய ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தேன். பார்வையற்றோர் கல்விக்கு எங்கள் பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. 1887இல் அமிர்தசரசில் இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கிய மூன்றே ஆண்டுகளில், 1890இல், ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். ஆகவே எங்கள் ஊர்ப்பக்கம் வயதானவர்கள்கூடப் பிரெயில் என்றால் என்ன என்று கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே போய்வர வேண்டிய குடும்பச் சூழல் வந்ததால், தென்காசி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அருகிலிருந்த சாதாரண மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தேன். அந்தப் பள்ளிக்கு நான்தான் முதல் பார்வையற்ற மாணவி.

வரலாறு, பொருளியல், வணிகவியல், சிறப்புத் தமிழ் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டேன். சேர்க்கப்பட்டேன் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் வேறு பிரிவு எதையும் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆந்திரத்தில் பார்வையற்ற மாணவரான ஸ்ரீகாந்த் பொல்லா பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டு நீதிமன்றம் வரை சென்று பெற்றார் என்பதை நான் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு வரலாறு பிடித்தமான பாடம் என்பதால் இதில் எனக்கு வருத்தமில்லை. பிடிக்காதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது. மொழிப்பாட விலக்கை நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தை விட்டுவிட்டால் கல்லூரியில் அது மீண்டும் வந்து நிற்கும் என்று சிறப்பாசிரியர் சொன்னார், அது சரியான அறிவுரை.

பிரெயிலைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேர்வு அறையில் அது தேவைப்படும். ஆறு புள்ளிகளைக் கொண்ட ஒரு கட்டத்தில் எந்தெந்தப் புள்ளிகள் எழும்பியிருக்கின்றன என்பதே எழுத்து. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது; தமிழும் அதற்குள் அடங்கும். அச்சுத் தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்குமாம். எங்களுக்கு முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து வரும். ‘மூன்று சுழி ண, இரண்டு சுழி ன’ என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்வேன், ஆனால் சுழி என்பதை நான் விரலால் அறிந்ததில்லை. எனக்கு ண என்பது நான்கு புள்ளி, ன என்பது இரண்டு புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் எழுத்தின் தலைக்கு மேல் இருக்கும் என்பார்கள். பிரெயிலில் அது எழுத்துக்கு முன்னாலேயே ஒரு தனிக் கட்டமாக வந்துவிடும். ஒற்று வரப்போகிறது என்பதை எழுத்தைத் தொடுவதற்கு முன்பே விரல் அறிந்துவிடும். ஒரு ஒற்றை விட்டுவிட்டு எழுதுவது என்பது என்னைப் பொறுத்தவரை ஒரு முழுக் கட்டத்தையே விட்டுவிட்டு எழுதுவதாகும். அதனால் சந்திப் பிழை எனக்கு அரிதாகவே வரும்.

பக்கங்கள் என் கைக்கு வந்த வழி

ஜூன் மாதம் எல்லோருக்கும் பாடநூல் கொடுக்கப்பட்ட அன்று எனக்கும் கொடுக்கப்பட்டது. வழவழப்பான தாள், கனமான புத்தகம். அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பையில் வைத்தேன். பிரெயில் தொகுதிகள் கேட்டு விண்ணப்பித்தோம். வரலாற்றின் முதல் தொகுதி காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது வந்தது, பொருளியல் வரவே இல்லை. ஆகவே ஆண்டு முழுவதும் நான் படித்தது பெரும்பாலும் கணினியிலும் கைபேசியிலும்தான்.

திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் பத்தாம் வகுப்பிலேயே பழகியிருந்தேன். பாடநூலின் பிடிஎஃப் கோப்பை இறக்கித் திறந்தபோது, அது தமிழ்போல ஒலித்தும் தமிழாக இல்லாத ஒரு மொழியை வாசித்தது. வணிகவியல் ஆசிரியர் தாமே தட்டச்சு செய்து அன்போடு அனுப்பிய குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. ‘தமிழ்’ என்று அவர் அடித்த சொல்லை மென்பொருள் ‘ஜே கே பி ஓ’ என்று வாசித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கோப்பின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது என்பதை ஆசிரியருக்கு விளக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தர எழுத்துமுறையாக அறிவித்துவிட்டது, பாமினியை ஒருங்குறியாக மாற்றும் கருவிகளும் இணையத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு அவருடைய குறிப்புகளை மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் ஒருங்குறியிலேயே அடித்து அனுப்பத் தொடங்கினார். அந்த ஆண்டில் பள்ளி எனக்குச் செய்த உதவிகளில் மிகப் பெரியது இதுதான் என்று கருதுகிறேன்.

பாடநூலுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தங்கை கைபேசியில் படம்பிடிப்பாள், எழுத்துணரி அதை உரையாக மாற்றும், நான் கேட்டுப் பிழைகளைத் திருத்திக்கொள்வேன். துணைக்காலையும் ரகரத்தையும் எழுத்துணரி அடிக்கடி குழப்பிக்கொள்ளும், அட்டவணைகளை ஒன்றோடொன்று கலந்துவிடும். என் குறிப்பேட்டின்படி, பொருளியலில் வகுப்பு நடந்த நாளுக்கும் அந்தப் பாடம் நான் படிக்கத்தக்க வடிவில் கைக்கு வந்த நாளுக்கும் இடையே பெரும்பாலும் மூன்று வாரம் இடைவெளி இருந்திருக்கிறது. தேர்வு நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். இந்த மூன்று வாரங்களுக்கு ஈடாக எந்தக் கணக்கிலும் எதுவும் வரவில்லை. பார்வையற்றோருக்காக நூல்களை வேறு வடிவில் மாற்றுவது பதிப்புரிமை மீறலாகாது என்று 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது, அதே நோக்கமுடைய மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலாவதாக ஏற்ற நாடு இந்தியா. சட்டத்தால் தடை இல்லாத ஒரு வேலை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிறுமியின் மாலை நேரத்தை நம்பி நடந்தது.

நூலும் பொட்டும்

பிளஸ் டூ பொருளியலில் கீன்ஸ் என்ற பொருளியலறிஞரின் நுகர்வுச் சார்பு ஒரு முக்கியமான பாடம். வருமானம் கூடும்போது நுகர்வும் கூடும், ஆனால் வருமானம் கூடிய அளவுக்குக் கூடாது என்பதை ஒரு வரைபடம் காட்டும். எழுத்துணரி அந்தப் படத்தை ‘சி, ஒய், ஈ, 45’ என்று நான்கு துணுக்குகளாக மட்டும் தந்தது. ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து, ‘இந்தக் கோடு இப்படிப் போகும், அந்தக் கோடு இங்கே வந்து வெட்டும்’ என்று விளக்கினார். ‘இப்படி’யும் ‘இங்கே’யும் எனக்கு எதையும் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்காரும் தோழி அன்று மாலையே வீட்டுக்கு வந்தாள். காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, துணி தைக்கும் நூலைப் பசையில் நனைத்து இரண்டு அச்சுகளை ஒட்டினாள். மூலையிலிருந்து நேர் நடுவில் ஏறிப் போகும்படி 45 பாகைக் கோட்டுக்குத் தடித்த சணல் கயிறு. நுகர்வுக் கோட்டுக்கு மெல்லிய நூல். அது மூலையிலிருந்து தொடங்காமல், செங்குத்து அச்சில் கொஞ்சம் மேலே தொடங்கி, கயிற்றைவிட மெதுவாக ஏறி, ஓரிடத்தில் கயிற்றைக் கடந்து, அதன் பிறகு கயிற்றுக்குக் கீழே போய்விடும். கடக்கும் இடத்தில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். அந்தப் பொட்டில் விரல் பட்ட கணத்தில் எனக்குப் பாடம் புரிந்துவிட்டது. பொட்டுக்கு இடப்பக்கம் நூல் மேலே இருக்கிறது: வரவைவிடச் செலவு அதிகம், கடன். வலப்பக்கம் கயிறு மேலே இருக்கிறது: மிச்சம், சேமிப்பு. சம்பளம் வருவதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் எங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்பதே அந்த அட்டையில் இருந்தது.

அந்த அட்டையை நான் நூறு முறையாவது தடவியிருப்பேன், ஆனால் ஒரு முறைகூட அதை இன்னொருவருக்குச் சொல்லி வரையச் செய்து பார்க்கவில்லை. பள்ளியில் நடந்த திருப்புதல் தேர்வுகளை நான் வாய்மொழியாகவோ பிரெயிலிலோ எழுதினேன். வாய்மொழியாகச் சொன்னபோது கேட்டவர் அந்தந்தப் பாட ஆசிரியரே. ‘45 பாகைக் கோடு, நுகர்வுக் கோடு, வெட்டும் புள்ளி ஈ’ என்று நான் சொல்வதற்குள் ‘சரிம்மா, தெரியுது, அடுத்தது சொல்லு’ என்று மதிப்பெண் போட்டுவிடுவார். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவருடைய அறிவு நிரப்பிக்கொண்டது. அரையாண்டுத் தேர்வில் பொருளியலில் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன்.

தேர்வு அறை

2024 மார்ச் 1 அன்று தமிழ்த் தேர்வோடு தொடங்கி, மார்ச் 22 அன்று வரலாற்றோடு முடிந்தது. எனக்குத் தனி அறை. வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களை நிரப்ப ஐந்து நிமிடம், பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கினால் மற்றவர்களுக்கு ஒன்றேகால் வரை, எனக்கு இரண்டேகால் வரை. சொல்வதை எழுதுபவராக ஓர் ஆசிரியரை நியமிப்பார்கள், அவர் அந்தப் பாடத்தைக் கற்பிப்பவராக இருக்கமாட்டார். ஐயத்துக்கு இடம் தராத விதி என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விதியின் விளைவாக, தமிழ்த் தாளுக்கு ஒரு கணித ஆசிரியரும், வரைபடம் உள்ள பொருளியல் தாளுக்கு ஓர் ஆங்கில ஆசிரியையும் வந்தார்கள்.

தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளிகளுக்காக நடுவண் அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், எழுதுபவர் தமக்கு ஏற்றவரா என்று அறிந்துகொள்ளத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்கத் தேர்வரை அனுமதிக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்தது. நான் ஒவ்வொரு தேர்விலும் எழுதுபவரைச் சந்தித்தது மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு. அவர்களுக்கும் அன்று காலையில்தான் தகவல் தெரிந்திருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சாப்பிட்டாயா என்பவைதான். ‘நான் ஒற்று சொன்னால் எழுதுவீர்களா, படம் என்றால் எப்படிச் சொல்லட்டும்’ என்று கேட்கும் துணிவு எனக்கும் இல்லை, கேட்க வேண்டும் என்ற அறிவும் இல்லை.

தமிழ்த் தாளில் ஒற்று பற்றிய ஒரு விடையில், பொருள் வேறுபாட்டைக் காட்ட ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ என்ற இரண்டையும் எடுத்துக்காட்டினேன். முதலாவது பணி கொடு என்பது, இரண்டாவது வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு என்பது. இரண்டாவதைச் சொல்லும்போது ககர ஒற்றை அழுத்தியே சொன்னேன். அவர், ‘இதைத்தான் ஏற்கெனவே எழுதிட்டேனேம்மா’ என்றார். ‘இல்லை சார், இது வேற, க் வரும்’ என்றேன். ‘சரி சரி’ என்று எழுதினார். எழுதுகோல் தாளில் உரசும் ஒலி கேட்டது. என்ன எழுதினார் என்று மீண்டும் வாசிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியரிடம், அதுவும் என் பெரியப்பா வயதுக்காரரிடம், ‘எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது அவரை நம்பாததுபோல ஆகிவிடும் என்று எண்ணிக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வணிகவியலில் வேறொரு தடங்கல். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழுக்கு விடையளிக்க வேண்டும், அவற்றுள் 30ஆம் வினா கட்டாயம். எழுதியவர் வினாக்களை வரிசையாக வாசித்தார். கட்டாயம் என்ற குறிப்பு அடைப்புக்குள் இருந்ததால் அதை விட்டுவிட்டார். ஏழு எழுதி முடித்த பிறகு எனக்கே ஐயம் வந்து கேட்டேன். ஒன்றை அடித்துவிட்டு முப்பதாவதை எழுதினோம். பத்து நிமிடம் போயிற்று, வேறு இழப்பில்லை. கண்ணால் வினாத்தாளைப் பார்க்கிறவர்கள் ஒரே நோட்டத்தில் அறிந்துகொள்ளும் தாளின் அமைப்பை, காதால் கேட்கிறவர் முன்கூட்டியே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

பொருளியல் தேர்வன்று ஐந்து மதிப்பெண் பகுதியில் நுகர்வுச் சார்பு வந்தது. மகிழ்ந்தேன். விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டு, படத்துக்கு வந்தோம். அச்சுகளைச் சொன்னேன், பெயர்களைச் சொன்னேன், 45 பாகைக் கோட்டைச் சொன்னேன். ஆசிரியை அழகாக, பொறுமையாக அளவுகோல் வைத்து வரைந்தார். அடுத்து, ‘நுகர்வுக் கோடு செங்குத்து அச்சில் கொஞ்சம் மேலே தொடங்கும், 45 பாகைக் கோட்டைவிடச் சாய்வு குறைவாக இருக்கும்’ என்றேன். ‘சாய்வு குறைவா?’ என்று ஒருமுறை கேட்டார். ‘ஆமா மிஸ், சாய்வு குறைவு’ என்றேன். பாடநூலின் சொல்லும் அதுதான். வரைந்தார். வெட்டும் புள்ளிக்கு ஈ என்று பெயர் எழுதச் சொன்னேன். சற்று நேரம் அமைதி. பிறகு ‘ம், போட்டுட்டேன்’ என்றார்.

அந்த அமைதியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. மற்ற அறைகளிலிருந்து பெஞ்சுகள் நகரும் ஒலி, செருப்புகளின் ஒலி, சன்னலுக்கு வெளியே என் வகுப்புத் தோழிகள் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை ஒப்பிட்டுப் பேசும் ஒலி. நான் இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். அறைக் கண்காணிப்பாளர் போய் அவர்களை அனுப்பிவிட்டு வந்தார். அந்தக் கூடுதல் மணி நேரம் தேவையானதுதான், ஆனால் அது பசியும் களைப்பும் கலந்த ஒரு மணி நேரம். எழுதுபவரின் கை ஓய்ந்து போவதை அவர் எழுதுகோலை மேசையில் வைத்து எடுக்கும் ஒலியிலிருந்தே அறிந்துகொள்ளலாம். இரண்டு மணிக்கு மேல் நான் என் விடைகளைச் சுருக்கிச் சொல்லத் தொடங்கியது நேரம் போதாததால் மட்டும் இல்லை, அவருடைய கை வலிக்குமே என்று நினைத்ததாலும்தான்.

விடைத்தாள் நகல்

மே 6 அன்று முடிவு வந்தது. அறுநூறுக்கு 511. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் தமிழும் பொருளியலும் அரையாண்டை ஒப்பிட வெகுவாக இறங்கியிருந்தன. அந்த இரண்டுக்கும் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தேன். கோப்பு வந்தது, கையெழுத்தின் படம் என்பதால் என்விடிஏ அதில் ஒரு சொல்லையும் வாசிக்கவில்லை. தங்கைதான் வாசித்தாள். என் பெயரில் உள்ள, நான் சொன்ன, நான் ஒருபோதும் வாசிக்காத ஒரு விடைத்தாளை அவளுடைய குரலில் முதன்முறையாகக் கேட்டேன்.

தமிழ்த் தாளில் அவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். ‘அக்கா, இங்க வேலை கொடு, வேலை கொடுன்னு ரெண்டு தடவை ஒரே மாதிரிதான் இருக்கு. முதல்ல உள்ளது பணியாம், ரெண்டாவது ஆயுதமாம். என்னக்கா இது?’ விடையின் உயிரே அந்த ஒற்றில்தான் இருந்தது. அது இல்லாமல் அந்த விளக்கம் உளறலாகிவிட்டது. திருத்தியவர் மதிப்பெண் தராததில் பிழையில்லை. தாள் முழுவதும் ஒற்றுகளை எண்ணச் சொன்னேன். நான் சொல்லியிருக்கக்கூடியவற்றுள் நாற்பதுக்கு மேல் விடுபட்டிருந்தன. சந்திப் பிழை அரிதாகவே வரும் ஒருத்தியின் விடைத்தாள், சந்தி தெரியாதவளின் விடைத்தாளாகத் திருத்துபவர் முன்னால் போயிருக்கிறது.

பொருளியல் படத்தை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காலண்டர் அட்டையை எடுத்துவரச் சொன்னேன். தாளில் உள்ளபடியே நூலை மாற்றி ஒட்டச் சொன்னேன். தடவிப் பார்த்தேன். நூல் மேலேதான் தொடங்கியது, ஆனால் கயிற்றைவிடச் செங்குத்தாக ஏறியது. கயிற்றைத் தொடவே இல்லை. ஈ என்ற புள்ளி எந்தக் கோட்டின் மீதும் படாமல் இரண்டுக்கும் நடுவில் தனியாகக் கிடந்தது. அப்போதுதான் அந்த அமைதி எனக்கு விளங்கியது. பொருளியலிலும் கணிதத்திலும் சாய்வு குறைவு என்றால் கோடு படுத்தாற்போல இருக்கும். வீட்டிலும் தெருவிலும் நாம் பேசும் தமிழில் அப்படி இல்லை: ஒரு மின்கம்பம் சாய்வு குறைவாக இருக்கிறது என்றால் அது நிமிர்ந்து நிற்கிறது என்றுதான் பொருள். ஆசிரியை என் சொல்லைச் சரியான தமிழாகக் கேட்டு, சரியான தமிழாகவே வரைந்திருக்கிறார். வெட்டும் புள்ளியைக் கேட்டபோது கோடுகள் வெட்டவில்லை என்பதைக் கண்டிருக்கிறார்; எழுதுபவர் விடையில் குறுக்கிடக் கூடாது என்ற நேர்மையால் வாய் திறக்காமல் ஒரு புள்ளியை வைத்துவிட்டார். அவர்மீது எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ‘45 பாகைக் கோட்டைவிடப் படுத்தாற்போலப் போகும், பாதி வழியில் அதைக் கடந்து அதற்குக் கீழாக ஏறிப் போகும்’ என்று நான் சொல்லியிருந்தால் அவர் பிழையின்றி வரைந்திருப்பார். சொல்லத் தெரியாதது நான்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. திருத்தியவர் கண்ணுக்கு முன் இருந்ததைத் திருத்தினார். அதில் மதிப்பிட வேறொன்றும் இல்லை.

கண்டறிந்தவை குறித்து

மேற்சொன்ன இழப்புகளில் பார்வையின்மையால் நேரடியாக வந்தது எதுவும் இல்லை என்பது என் முடிவு. ஒற்று தெரிந்திருந்தது, வரைபடம் புரிந்திருந்தது. இரண்டு மனிதர்களுக்கு இடையே விடை கைமாறும்போது சிந்திப்போனது. அந்தக் கைமாற்றத்துக்கு ஒருவருக்கும் பயிற்சியில்லை: எனக்கும் இல்லை, எழுதியவர்களுக்கும் இல்லை. பார்வையுள்ள மாணவர்களுக்கு முதல் வகுப்பிலிருந்து கையெழுத்துப் பயிற்சி ஏடு கொடுக்கிறார்கள். என் கையெழுத்து என் வாய்; அதற்கு ஓர் ஏடு இருந்ததில்லை.

பிளஸ் ஒன் சேர்ந்த நாளிலிருந்தே பள்ளித் தேர்வுகளைப் பாட ஆசிரியர் அல்லாத ஒருவர் எழுதும்படி நடத்தியிருந்தால், இந்தச் சிந்தல்கள் பொதுத்தேர்வுக்கு முன்பே தெரிந்திருக்கும். என் ஆசிரியர்கள் கனிவோடு கேட்டு, நான் சொல்லாததையும் தாங்களே நிரப்பிக்கொண்டு மதிப்பெண் தந்தார்கள். அந்தக் கனிவு எனக்குத் தீங்காக முடிந்தது. இதைச் சொல்ல மனம் வலிக்கிறது, எனினும் பதிவு செய்கிறேன். இரண்டு நாள் முன்பே எழுதுபவரைச் சந்திக்கும் ஏற்பாடு தாளில் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு விடை முடிந்ததும் எழுதியதை வாசித்துக் காட்டுவது எழுதுபவரின் கடமை என்று அவருக்கு வழங்கப்படும் அறிவுரையிலேயே இருந்தால், என்னைப்போலக் கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்குத் தயக்கமே வேண்டியிராது.

அதே 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், பிரெயிலிலோ கணினியிலோ பெரிய எழுத்திலோ குரல் பதிவாகவோ, இயன்றவரை தேர்வர் விரும்பும் முறையில் தேர்வெழுத இடம் தர வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. எனக்குத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு தெரியும், கணினியில் எழுதினால் என் ஒற்றுகள் என்னுடையவையாக இருந்திருக்கும். அப்படிக் கேட்கலாம் என்பதையே நான் அறியவில்லை, பள்ளியும் அறியவில்லை. பார்வையற்றவராக இந்திய வெளியுறவுப் பணிக்குச் சென்ற சென்னையின் பெனோ செபைனைப் பற்றி எங்கள் பள்ளி விழாக்களில் ஆண்டுதோறும் பேசுவார்கள். அவரைப்போல வர வேண்டும் என்று எனக்குப் பலமுறை அறிவுரை கிடைத்தது. ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

கடைசி நாளும் அதன் பிறகும்

மார்ச் 22 அன்று வரலாற்றுத் தேர்வு இரண்டேகாலுக்கு முடிந்தது. சீருடையில் மை தெளித்து விளையாடும் ஆரவாரம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஓய்ந்திருந்தது. கீழே இறங்கும் படி பதினெட்டு, திருப்பத்தில் ஒரு கைப்பிடி ஆடும், அதைத் தாண்டினால் வேப்பமரத்துக் குளிர்ச்சி முகத்தில் படும், அங்கிருந்து நேர் நடந்தால் வாயில். அந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளியை முழுமையாக என் காலால் அறிந்திருந்தேன். வேப்பமரத்தடியில் தோழி காத்திருந்தாள். அவளுடைய தேர்வு ஒன்றேகாலுக்கே முடிந்துவிட்டது. என் கையைப் பிடித்து என் விரலைப் பேனா மையில் தோய்த்துத் தன் சட்டைக் கையில் அழுத்திக்கொண்டாள்.

இப்போது இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நான் பத்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியின் மேல்நிலை மாணவிகளோடு உட்காருகிறேன். எங்கள் கல்லூரி மாணவர்கள் மூன்று நான்கு பேர் எழுதுபவர்களாக வருகிறார்கள். பொருளியல் படிக்காதவர்களைத்தான் அழைத்துப் போகிறேன். ஒருத்தி சொல்வாள், ஒருவர் வரைவார். வரைந்ததை நாங்கள் நூலில் ஒட்டி அவள் கையிலேயே கொடுப்போம். சென்ற முறை ஒரு பதினோராம் வகுப்புப் பெண், தேவைக் கோடு ‘இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும்’ என்றாள். எழுதியவர் வரைந்தார், நூல் ஒட்டினோம், தடவிப் பார்த்தாள். ‘அக்கா, இது ரொம்பச் செங்குத்தா விழுது. நான் சறுக்குமரம் மாதிரின்னு சொல்லியிருக்கணும், இல்லையா?’ என்றாள். நூலை உரித்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.